குப்பைப் பையும் வாக்குச் சீட்டும்



நகரத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் வாசலிலிருந்து இரண்டு பொருட்கள் ஊராட்சியை நோக்கிப் போகின்றன. ஒன்று குப்பைப் பை. அது வாரத்தில் இரண்டு, மூன்று தடவைகள் போகிறது. மற்றது வாக்கு. அது நான்கைந்து வருடங்களுக்கு ஒரு தடவை போகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: மாநகர சபை, அல்லது நகர சபை, அல்லது பிரதேச சபை. இரண்டையும் கையளித்தவுடன் நாம் மறந்து விடுகிறோம். பை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. வாக்கு என்ன ஆனது என்றும் கேட்பதில்லை. இந்த மறதியைப் பற்றித்தான் இம்மாதம் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பையின் பயணத்தைப் பார்ப்போம்.

கொழும்பு நகரத்தின் குப்பை 2009ஆம் ஆண்டு வரை நகரின் வடபுறத்தில் புளுமெண்டல் பகுதியில் குவிக்கப்பட்டது. அங்கு மலை போல் உயர்ந்த பிறகு, நகரை அடுத்துள்ள கொலன்னாவை மீதொட்டமுல்லையில் கொட்டத் தொடங்கினார்கள். அது தாழ்வான ஈர நிலம். அதனைச் சுற்றி ஏழை எளிய மக்களின் வீடுகள். நாற்றமும் ஈயும் கழிவு நீரும் தாங்க முடியாமல் அம்மக்கள் பல வருடங்கள் முறையிட்டார்கள்; வீதியில் இறங்கினார்கள். குப்பை லொறிகள் வந்துகொண்டே இருந்தன.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை. சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு தினம். ஜும்ஆ முடிந்த பிற்பகல் வேளையில் அந்தக் குப்பை மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் குப்பையின் கீழ்ப் புதையுண்டு உயிரிழந்தனர். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தனர். பண்டிகைக்காக அடுப்பு மூட்டியிருந்த வீடுகள் அவை.

அவர்களைக் கொன்றது எது? புயலா, பூமியதிர்ச்சியா? இல்லை. கொழும்பு வீடுகளில் மிஞ்சிய சோறு, மரக்கறித் தோல், மீன் செதில், பொலித்தீன் பை, பிள்ளையின் பழைய சப்பாத்து ஆகியவைதாம். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதக் கரங்கள் தேடிக்கொண்டது என்று சூரத்துர் ரூமிலே அல்லாஹுத் தஆலா எச்சரிப்பதன் பொருளை விளங்க வேறு தஃப்ஸீர் தேவையா?

பிறர் தலையில் போடுவது தீர்வாகாது

மீதொட்டமுல்லை மூடப்பட்டது. ஆனால் நகரம் குப்பை போடுவதை நிறுத்தவில்லை. எனவே அடுத்த இடம் தேட வேண்டியதாயிற்று. புத்தளம் மாவட்டத்தில் அருவக்காலு என்னுமிடத்தில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்த பழைய குழிகளில் கொழும்பின் குப்பையை நிரப்பும் திட்டம் முன்வந்தது. ஏற்கனவே சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகையையும் கண்டவர்கள் புத்தளத்து மக்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களுக்கு இடம் கொடுத்த மண்ணும் அதுவே. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வூர் மக்கள் மாதக்கணக்கில் எதிர்ப்பில் அமர்ந்தார்கள். உம்மாமார் கைக்குழந்தைகளோடு வந்து அமர்ந்தார்கள். ஆயினும் 2019 ஓகஸ்டில் கொழும்புக் குப்பை அங்கு போகத் தொடங்கியது.

இங்கே ஜனநாயகத்தைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தலைகளை எண்ணிப் பார்த்தால் கொழும்பில் பல இலட்சம் பேர். மீதொட்டமுல்லையில் சில நூறு குடும்பங்கள். அருவக்காலுவின் அயலில் சில கிராமங்கள். குப்பையை எங்கே போடுவது என்று எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்தால் பலர் வெல்வார்கள். சிலர் எப்போதும் தோற்பார்கள். அந்தச் சிலர் பெரும்பாலும் ஏழைகளாகவே இருப்பார்கள். எண்ணிக்கை ஆட்சியைத் தரும், நியாயத்தைத் தராது. நியாயம் வேண்டுமானால் பாதிக்கப்படுபவனின் வாயைத் திறக்க விட்டு, அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். மஷூரா என்பதன் உயிர் அதுதான். சிறுபான்மைச் சமூகமாக வாழும் நமக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். நமக்குச் செய்யப்படும்போது தெரிகிற அநியாயம், நாம் பலராக இருந்து பிறருக்குச் செய்யும்போதும் தெரிய வேண்டும்.

நம்மவர் பெரும்பான்மையாக வாழும் கிழக்கிலங்கை ஊர்களையும் பார்ப்போம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்னுமிடத்தில் சுற்றியுள்ள ஊர்களின் குப்பை திறந்த வெளியில் கொட்டப்பட்டது. காட்டு யானைகள் அங்கு வந்து, உணவு மணம் வீசும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு வருட காலத்தில் ஏறத்தாழ 20 யானைகள் இவ்வாறு மாண்டதாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வெளியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றும் தாள்களும் இருந்தன. கலியாண வீட்டில் சோற்றுப் பொதி சுற்றிக் கொடுத்தவர் யானையைக் கொல்ல நினைத்தாரா? இல்லை. ஆனால் நினைக்காமல் செய்ததாலேயே அந்தப் பொதி காட்டுக்குப் போகாமல் இருந்துவிடவில்லை.

பாதையும் நிழலும்

மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் மலசலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஏன் சாபம்? அசுத்தம் தன்னுடையது, துன்பம் பிறருடையது என்பதனால். மதிலுக்கு மேலால் எறிந்த பையும் ஒழுங்கையின் முனையில் இரவோடிரவாக வைத்த பையும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்குமா? பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக்கிய மார்க்கத்தில், தொல்லையைக் கொண்டுவந்து வைப்பது எதன் கிளை?

மதீனாவை நபி (ஸல்) அவர்கள் புனித பூமியாக அறிவித்தபோது அதன் மரங்களை வெட்டுவதையும் தடுத்தார்கள். ஓர் ஊரின் கண்ணியம் அதன் கட்டடங்களோடு முடிந்துவிடுவதில்லை. அதன் மரமும் நிலமும் அதில் சேர்ந்தவை. நம் கொழும்புக்கும் அப்படியொரு கண்ணியம் உண்டு. நகரைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. பெல்லன்வில, அத்திடிய, தலங்கம, கொலன்னாவை என்று அவை பரந்து கிடக்கின்றன. பார்வைக்கு வெறும் சேறும் புல்லும் போலத் தெரியும். ஆனால் பெருமழை பெய்யும்போது நீரைத் தன் மடியில் வாங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்புபவை அவைதாம். இந்தச் சதுப்பு நிலங்களுக்காக 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. அந்த அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

அவற்றை நாம் என்ன செய்கிறோம்? குப்பை கொட்டி நிரப்புகிறோம். பின்பு மண் போட்டு வீடு கட்டுகிறோம். நீர் போக இடமில்லாதபோது வீட்டுக்குள் வருகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் நம்மவர் வீடுகள் எத்தனை மூழ்கின! பள்ளிவாசல்களில் சமைத்து, தோணிகளில் சோறு கொண்டு போனார்கள். அந்தச் சேவைக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனால் கானை அடைத்த பொலித்தீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

நுளம்பின் கணக்கும் உண்டு. மீதொட்டமுல்லை சரிந்த அதே 2017ஆம் வருடத்தில்தான் நாட்டில் டெங்கு என்றுமில்லாதவாறு பரவியது. 186,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 400க்கும் மேற்பட்டோர் மரணமடைந்தனர். எறிந்த யோகட் கோப்பையில், இளநீர்க் கோம்பையில், தயிர் முட்டியில் தேங்கிய ஒரு கரண்டி நீர் அந்த நுளம்புக்குப் போதும்.

வாக்கின் பயணம்

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம்.

1931இல் இந்நாட்டின் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்களிக்க முடிந்தது. டொனமூர் ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு 30 வயதுக்குப் பிறகே வாக்குரிமை என்று சிபாரிசு செய்திருந்தது. பின்னர் அது ஆண்களைப் போலவே 21 வயது என்றாகி, 1959இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆசியாவில் பல நாடுகளின் பெண்கள் கனவிலும் காணாத காலத்தில் நம் மூத்தம்மாமார் வாக்களித்தார்கள்.

நம் சமூகத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. கேரளத்தின் தலைச்சேரியில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்த ஆயிஷா ரவூஃப் அவர்கள், 1946இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர். அவர் 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். பின்பு பிரதி மேயராகவும் இருந்தார். பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவே தயங்கிய காலம் அது. கான், குழாய், விளக்கு, பாதை என்பன வீட்டோடு தொடர்புடைய விடயங்கள். வீட்டை நடத்துபவளுக்கு அவை பற்றிப் பேசத் தகுதி உண்டு என்பதை அவர் காட்டினார்.

பெண்ணின் கருத்தைக் கேட்பது மேற்கிலிருந்து வந்த வழக்கம் என்று நினைப்பவர்கள் ஹுதைபிய்யாவை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 6இல், உம்றாச் செய்ய முடியாமல் ஸஹாபாக்கள் மனம் நொந்து அசையாமல் இருந்தபோது, நபி (ஸல்) அவர்களுக்கு வழி சொன்னவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். எவரிடமும் பேசாமல் வெளியே சென்று தங்கள் பலிப்பிராணியை அறுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்றார்கள். அப்படியே செய்தார்கள், ஸஹாபாக்களும் பின்தொடர்ந்தார்கள். உமர் (ரழி) அவர்களின் மறைவுக்குப் பின் அடுத்த கலீஃபா யார் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டபோது, பெண்களிடமும் கேட்டதாக இப்னு கஸீர் (ரஹ்) தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார்.

ஹலாலையும் ஹராமையும் வாக்கெடுப்பினால் மாற்ற முடியாது. அந்த அதிகாரம் அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது. இதில் முஃமினுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கானை முதலில் துப்புரவு செய்வது, குப்பை லொறி எத்தனை மணிக்கு வருவது, வரிப்பணத்தை எதில் செலவிடுவது என்பவை நம் மஷூராவுக்கு விடப்பட்ட விடயங்கள். அவற்றை யார் கையில் கொடுப்பது என்று கேட்கப்படும்போது, “எனக்குத் தெரியாது” என்று ஒதுங்குவது பேணுதல் ஆகாது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்று வகையில் விளக்கினார்கள்: அது சாட்சியம், அது பரிந்துரை, அது வகாலத் கொடுப்பது. அப்படியானால் தகுதியற்றவனுக்கு வாக்களிப்பது பொய்ச் சாட்சியம். தகுதியுள்ளவன் இருந்தும் வீட்டில் இருந்துவிடுவது சாட்சியத்தை மறைப்பது. தேர்தலுக்கு முந்திய வாரம் வரும் உலர் உணவுப் பொதிக்காக வாக்களிப்பது சாட்சியத்தை விற்பது. பத்து நாளில் தீரும் அரிசிக்கும் பருப்புக்கும் நாலு வருடக் கானையும் பாதையையும் விற்கலாமா?

இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். “எங்கட அவர் சொன்ன ஆளுக்குத்தான் போட்டன்” என்று கூறும் சகோதரிகள் பலர். கணவனோடு கலந்து பேசுவது நல்லதுதான். ஆனால் வாக்களிக்கும் மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள். மறுமையில் சாட்சியத்தைப் பற்றிக் கேட்கப்படும்போதும் தனியாகத்தான் நிற்கப் போகிறீர்கள். கணவன்மாரே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

வாசலில் ஆளில்லாத இரண்டு வருடங்கள்

உள்ளூராட்சி மன்றம் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு அண்மைக் காலமே பதில் சொல்கிறது. 2018 பெப்ரவரியில் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச் மாதம் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தல் நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கும் மேலாக மன்றங்களை அதிகாரிகள் மாத்திரம் நடத்தினார்கள். லொறி வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவதற்கு வட்டாரத்தில் ஓர் உறுப்பினர் இல்லை. ஆணையாளரிடமோ செயலாளரிடமோ மனுக் கொடுக்கலாம்; ஆனால் அவர் நம் வாக்கை எதிர்பார்ப்பவரல்லர்.

தேர்தல் நடந்த பின்பு, நான் கற்பிக்கும் வகுப்பொன்றில் பெரிய மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் வட்டாரத்தின் உறுப்பினர் யார்?” ஜனாதிபதியின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். அமெரிக்காவின் ஜனாதிபதியையும் சொன்னார்கள். தங்கள் ஒழுங்கைக்குப் பொறுப்பானவரின் பெயரை இரண்டு பேர் சொன்னார்கள். பின்பு ஒரு மாணவி எழுந்து, “ஹஸரத், அவர்ட பெயரை உம்மாட்ட கேட்டாச் சொல்லுவாங்க. எங்கட வீட்ல குப்பைக்குச் சண்ட போடுற ஆள் உம்மாதான்” என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த உம்மாதான் அந்த ஒழுங்கையின் உண்மையான பிரஜை என்று நான் அவளிடம் சொன்னேன்.

சட்டம் இப்போது பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, 2018இல் முதன்முதலாக அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை நூற்றுக்கு இரண்டு அளவில் இருந்த பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இருபதைத் தாண்டினார்கள். கொழும்புக்கு அவ்வருடம் முதல் பெண் மேயர் வந்தார். 2025இலும் ஒரு பெண்ணே மேயராகத் தெரிவானார். வந்தவர்கள் எல்லோரும் பேசினார்களா, பெயருக்கு இருத்தி வைக்கப்பட்டார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கவும் நமக்கு உரிமையுண்டு.

என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டில். நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது சமையலறையிலிருந்து போகும் உக்கும் குப்பைதான். உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். அளந்து சமைத்தால் பாதிப் பை குறையும். உக்குவதை உக்காததோடு சேர்க்காமல் வேறாக வைத்தால் மிச்சம் பசளையாகும். முற்றம் இருப்பவர்கள் ஒரு மூலையில் குழியோ பீப்பாவோ வைத்துக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பசளை எடுக்கலாம். மாடி வீட்டில் இருப்பவர்கள் வேறாகக் கட்டியாவது கொடுக்கலாம்.

இரண்டாவது, வைபவங்களில். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் நம் சஹன் ஓர் அழகிய சுன்னத்தின் அடையாளம். அதில் மிஞ்சும் இறைச்சியும் சோறும் கானுக்குப் போகும்போது அந்த அழகு எங்கே? வலீமாவுக்குச் சொல்லும்போதே மிஞ்சுவதை எந்தத் தோட்டத்து வீடுகளுக்கு அனுப்புவது என்றும் முடிவு செய்யுங்கள். ரமழானில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பிள்ளைகளைப் பாத்திரத்தோடு அனுப்புங்கள். பொலித்தீன் பையோடு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, குப்பை எடுக்க வருபவரிடத்தில். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு பெண் இரவில் மரணித்தபோது, சாதாரணமானவர்தானே என்று நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமல் அடக்கிவிட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டு, கப்றைக் காட்டச் சொல்லி அங்கு சென்று தொழுதார்கள். நம் வாசலுக்கு வரும் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? உடைந்த போத்தலைக் கடதாசியில் சுற்றாமல் பைக்குள் போடும்போது அவருடைய கை நம் நினைவுக்கு வருகிறதா? வெயிலில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்திருக்கிறோமா?

நான்காவது, மன்றத்தோடு. உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒழுங்கையிலுள்ள ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, கான் பற்றியோ லொறி பற்றியோ ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். உங்கள் அயலவர் சிங்களச் சகோதரியென்றால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுளம்பு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. நம் ஊர்க் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்க, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா, இல்லையா என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கடமையும் கேட்பவருக்கு இல்லை.

ஐந்தாவது, பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு. ஒவ்வொரு மஹல்லாவிலும் குத்பா மேடை இருக்கிறது. அதே மேடையிலிருந்து இந்தக் குப்பையைப் பற்றியும் பேசலாம். அதற்கு முன் வுழூச் செய்யும் இடத்திலும் முற்றத்திலும் கிடப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெண்களின் கருத்தைக் கேட்காமல் மஹல்லாவின் சுகாதாரத்தைப் பற்றித் தீர்மானிப்பது, சமைப்பவளைக் கேட்காமல் அரிசி வாங்குவது போன்றதாகும்.

யாருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் முஃமினல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் சத்தியமிட்டுச் சொன்னார்கள். அன்று அண்டை வீடு என்பது மதிலுக்கு அப்பால் இருந்தது. நம் காலத்திலோ நம் குப்பை மீதொட்டமுல்லைக்கும் அருவக்காலுவுக்கும் பள்ளக்காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் அங்கிருப்பவர்களும் நம் அண்டை வீட்டார்தாம். அவர்களை நாம் கண்டதில்லை. அவர்கள் நம்மைக் கண்டார்கள், நம் பையின் வடிவில்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளையும் வீதிகளையும் உள்ளங்களையும் சுத்தமாக்குவாயாக! எங்கள் கையிலிருந்து வெளியேறும் எதனாலும் உன் படைப்புகள் எதுவும் துன்புறாமல் காப்பாயாக! எங்களை உண்மைச் சாட்சியாளர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.